அழகுக்கலைஞர் பயிற்சியும் அனுமதியும் (இலங்கை)

இலங்கையில் அழகுக்கலைஞரின் திறமைக்கான அரச அங்கீகாரம் தேசிய தொழில் தகைமை, பேச்சுவழக்கில் என்.வி.கியூ. ஏழு மட்டங்களில் நான்கு வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதை மேற்பார்வை செய்கிறது. உடப்புசல்லாவை போன்ற தோட்டப்பகுதிப் பெண்களுக்குப் பெரிதும் உதவக்கூடியது முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை: சலூனில் வேலை செய்தே தொழில் பழகியவரும், பாடநெறி படிக்காமல், செயல்முறை மதிப்பீட்டில் தேறிச் சான்றிதழ் பெறலாம். இந்த வழி தோட்டங்களில் இன்னும் பரவலாக அறியப்பட வேண்டும். சலூன் நடத்தும் இடத்தின் அனுமதிப்பத்திரம் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. ஒப்பனையைவிடச் சுகாதார அறிவே முக்கியம்: கருவிகளைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், சாயம் பூசுமுன் ஒவ்வாமை பார்க்க வேண்டும், சருமத்தை வெளுக்கவைக்கும் சில கிரீம்களில் கலந்துள்ள பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.