பதுளையை நாடிச் சென்ற ஆயர்

தெமோதரை என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது அதன் புகையிரத நிலையம்தான். பாதை குன்றைச் சுற்றி வளைந்து, அந்த நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்தின் வழியாகவே செல்கிறது. 1924இல் பதுளையை எட்டிய இந்த இருப்புப் பாதையை ஒட்டிய தேயிலைத் தோட்டங்களில் தமிழரும், சுற்றுக் கிராமங்களில் சிங்களவரும் வாழ்கின்றனர். கிறிஸ்தவர்கள் இரு தரப்பிலும் சிறு தொகையினரே. இவர்கள் ஒரே திருச்சபையாக வாழ்ந்தனரா என்ற கேள்விக்கு ஊவாவின் வரலாறு தரும் விடை எளிதானதன்று.

1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸின் நினைவாக எழுந்தது பதுளையின் புனித மாற்கு ஆலயம். ஏறத்தாழ அதே காலத்தில், 1854இல், கோப்பித் தோட்டத் தொழிலாளருக்கென அங்கிலிக்கன் மிஷனரிமார் தொடங்கிய பணிக்குத் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உபதேசியார்கள் வந்தனர். நற்செய்தி தாய்மொழியில் கிடைத்தது நன்மையே. ஆனால், அது கூலி என்ற அடைமொழியோடு வந்தது. துரைமாருக்கு ஆலயம், தொழிலாளருக்கு மிஷன் என்ற ஏற்பாட்டை அன்று எவரும் அநீதியாகக் கருதியதாகத் தெரியவில்லை.

நாடு சுதந்திரம் பெற்ற 1948இலேயே இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. ஞாயிறன்று சகோதரர் என அழைக்கப்பட்டவர், திங்களன்று அரச அலுவலகத்தில் அந்நியரானார். ஆலயத்துக்குள் மட்டும் வரவேற்றால் போதுமா என்ற கேள்வி அன்றே பிறந்தது.

கத்தோலிக்கரிடையே வேறொரு சிக்கலும் எழுந்தது. வழிபாடு இலத்தீனில் நடந்தவரை அம்மொழி தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே அளவில் அந்நியமாயிருந்தது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிகளுக்கு இடமளித்தது. பெரும் வரம்தான். ஆயினும் எந்த மக்களின் மொழி? சிங்களத்தில் மட்டும் திருப்பலி நடந்தால் தமிழ்க் குடும்பம் விருந்தாளியாகிவிடும். வெவ்வேறு நேரங்களில் நடந்தால் மனத்தாங்கல் இராது. ஆனால் இருவரும் ஒருவரையொருவர் சந்திக்கவே மாட்டார்கள்.

இந்தச் சூழலில்தான் லியோ நாணயக்காரவின் பெயர் முக்கியம் பெறுகிறது. சிங்களவரான இவர் பெனடிக்டின் துறவி. 1959 முதல் கண்டி ஆயர். 1972இல் கண்டியிலிருந்து ஊவாப் பகுதி பிரிக்கப்பட்டுப் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, பழைமையும் வசதியும் மிக்க கண்டியை விட்டுத் தாமே விரும்பிப் பதுளையின் முதல் ஆயரானார்.

அவர் வந்த காலம் கொடியது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, குடும்பம் குடும்பமாக மக்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தனர். அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். ஆயரின் மந்தையில் ஒரு பகுதியே இவ்வாறு பெயர்ந்துகொண்டிருந்தது.

மக்களை ஆலயத்துக்கு அழைப்பதைவிட, குருக்களை மக்களிடம் அனுப்புவதே ஆயர் லியோவின் வழி. அதற்கெனவே தம் மறைமாவட்டத்தில் ‘சேவக செவன’ என்ற குருத்துவப் பயிற்சி நிலையத்தை நிறுவினார். அதை வழிநடத்திய மைக்கேல் ரொட்ரிகோ அடிகள் 1980இல் புத்தலைக்குச் சென்று, ஏழைப் பௌத்தக் கிராமத்தவரிடையே குடிசையில் வாழ்ந்தார். 1987 நவம்பர் 10ஆம் நாள், திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆயர் லியோ 1982இல் காலமானார். மறு ஆண்டு ஜூலையில் பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஓர் ஆயரின் நல்லெண்ணத்தால் மட்டும் இனப்பகை அடங்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எஞ்சியிருந்த மலையகத் தமிழரின் பிரஜாவுரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அதற்கு 55 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எனினும் அவர் காட்டிய வழி பொய்த்துப்போகவில்லை என்பேன். எல்லோரையும் வரவேற்கிறோம் என்று ஆலய வாசலில் எழுதிவைப்பது சுலபம். லயத்துப் பிள்ளை தன் மொழியில் வேதவாசகம் வாசிக்கும்போது சிங்கள அயலவர் பொறுமையோடு செவிமடுப்பதும், அப்பிள்ளையின் தகப்பனுக்கு அநீதி நேர்கையில் அதே அயலவர் உடன் நிற்பதும் கடினம். அவ்வளவும் சேர்ந்ததே வரவேற்பு.