லேசர் வருடல்: மலையகக் கட்டுமானங்களில் நில அளவையின் வரலாறு

லேசர் வருடல் என்பது ஒரு பரப்பின் மீது ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கும் அளவை முறை. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீற்றர் செல்வதால், போய்த் திரும்பும் நேரத்தில் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு 15 சென்ரிமீற்றர் தூரத்தைக் குறிக்கும். நிலத்தில் நிறுத்தும் கருவி நொடிக்குப் பல லட்சம் புள்ளிகளைப் பதிவுசெய்யும். இந்த முப்பரிமாணப் புள்ளித் தொகுதிக்குப் புள்ளி முகில் என்று பெயர். கட்டுமானப் பிழைகளைத் திருத்தக்கூடிய நேரத்திலேயே கண்டுபிடிக்க இது உதவுகிறது. நல்லதண்ணி, மஸ்கெலியா, ஹட்டன் போன்ற செங்குத்தான தேயிலை மலைகளில் அந்த உதவி செலவை மட்டுமன்றி உயிர்களையும் காக்கவல்லது.

முன்வரலாறு

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தின் காலத்தில் தொடங்கப்பட்டது. முதல் நில அளவையாளர் நாயகம் பிரெஞ்சுக்காரரான ஜோன்வில். 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தென்னிந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அதே முறை பின்னர் இலங்கையிலும் கையாளப்பட்டது. நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை (2,524 மீற்றர்) தேசிய வரைபட ஆள்கூறுகளின் தொடக்கப் புள்ளியாயிற்று. ஆகவே இலங்கையில் எந்த வளவின் ஆள்கூறும் நுவரெலியா மலையொன்றிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

தேயிலையையும் தொழிலாளரையும் ஏற்றிச்சென்ற மலைநாட்டு ரயில்பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. அதன் சுரங்கங்களுக்கும் வளைவுகளுக்கும் கருவிகளாக இருந்தவை சங்கிலியும் தியோடலைற்றும் மட்டக் கருவியும்தான். தெரிவுசெய்த புள்ளிகளை மட்டுமே அவற்றால் அளக்க முடியும். இடைப்பட்ட நிலத்தை அனுபவத்தால் ஊகிக்க வேண்டியிருந்தது.

நீர்மின் திட்டங்களின் காலம்

பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் முன்வைத்த நீர்மின் யோசனை, 1950இல் பழைய லக்ஷபான மின்நிலையமாகச் செயல்வடிவம் பெற்றது. தொடர்ந்து காசல்ரீ நீர்த்தேக்கமும், 1969இல் நல்லதண்ணிப் பாதையோரத்து மவுசாகலை நீர்த்தேக்கமும் உருவாயின. மவுசாகலை நீரில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அங்கிருந்த வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் வெளியே தெரிகின்றன. எந்த உயரம்வரை நீர் ஏறும், எந்த வீதி போகும், எந்த லயன் (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு) போகும் என்பதெல்லாம் சமவுயரக் கோட்டைப் பொறுத்தே முடிவாகும். அணைத் திட்டத்தில் உயர அளவையின் பாரம் அத்தகையது.

1950களின் நடுவில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நிறுவனமொன்று எடுத்த வான்படங்கள், ஊகத்துக்கு விடப்பட்ட இடைவெளிகளைப் பெருமளவு நிரப்பின. ஆனால் மரச்செறிவின் அடியிலுள்ள நிலத்தை வான்படத்தால் காட்ட முடியவில்லை.

லேசரின் வருகை

1960இல் அமெரிக்காவின் தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கினார். 1971இல் அப்பல்லோ 15 விண்கலத்தின் லேசர் உயரமானி நிலவின் மேடுபள்ளங்களை அளந்தது. கட்டடங்களையும் ஆலைகளையும் வருடுவதற்கான கருவியை, ஈராக்கின் மோசுல் நகரில் பிறந்த பொறியியலாளர் பென் காசிராவின் சைரா நிறுவனம் 1990களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2001இல் லைக்கா நிறுவனம் சைராவை வாங்கியது.

தெற்காசியாவில் இதன் பயனைத் தெளிவாகக் காட்டிய பணி, 508 கிலோமீற்றர் நீளமுள்ள மும்பை–அகமதாபாத் அதிவேக ரயில்பாதை. வழக்கமான முறையில் 10 முதல் 12 மாதங்கள் ஆகக்கூடிய தட அளவையை, வானூர்தி லேசர் வருடல் சுமார் 12 வாரங்களில் முடித்துத் தந்தது.

செலவைத் தவிர்க்கும் விதம்

பழைய கட்டடத்தில் புதிய பகுதியை இணைக்கும்போது, வரைபடத்தில் உள்ள சுவரும் உண்மையில் நிற்கும் சுவரும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. முதலில் வருடினால் அந்த வேறுபாடு, இரும்பு உத்தரங்களை வெட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். கொங்கிரீட் போடுமுன் கம்பிக்கட்டையும் குழாய்களையும் வருடி வைத்தால், பின்னாளில் துளையிடுபவர் எங்கே துளையிடக் கூடாது என்பதை அறிவார்.

சுரங்க வேலையில் இதன் பயன் இன்னும் பெரிது. கூடுதலாகக் குடைந்த ஒவ்வொரு இடத்தையும் கொங்கிரீட்டால் நிரப்பியாக வேண்டும். குறைவாகக் குடைந்தால் உட்பூச்சு மெலிந்துவிடும். தலவாக்கலையில் தொடங்கும் மேல் கொத்மலைத் திட்டம் (150 மெகாவாற், 2012) போன்றவற்றில் நீர்கொண்டுசெல்லும் சுரங்கம் கிலோமீற்றர் கணக்கில் நீள்கிறது. அவ்வளவு நீளத்தில் சிறு விலகலும் பெரும் செலவாகும்.

மண்சரிவும் தோட்டக் குடியிருப்பும்

வானூர்தியிலிருந்து பாயும் லேசர் துடிப்புகளில் சில இலைகளிலிருந்து திரும்பும். சில இடைவெளிகளூடே புகுந்து நிலத்தைத் தொட்டுத் திரும்பும். நிலத்தைத் தொட்டவற்றை மட்டும் பிரித்தெடுத்தால், தேயிலைச் செடிக்கும் காட்டுக்கும் அடியிலுள்ள பழைய சரிவுத் தழும்புகளும் நீரோடும் தடங்களும் வெளிப்படும். வீட்டுக்கு மண் வெட்டும் இடத்தையும் தாங்குசுவர் எழும் இடத்தையும் இவற்றைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, தோட்டக் குடும்பங்களுக்காக நடந்துகொண்டிருந்த 4,000 வீட்டுத் திட்டத்துடன் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அப்போதைய ஏற்பாடு குடும்பத்துக்கு 7 பேர்ச், அதாவது சுமார் 177 சதுர மீற்றர் நிலம். லயன் அறையை விட்டு வெளியேறும் குடும்பத்துக்கு அந்தச் சிறு நிலம் உறுதியானதாக இருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் அதனை ஆராய்ந்து பரிந்துரைப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பு.

அளவை மட்டும் போதாது என்பதற்கு கொஸ்லந்தை மீரியபெத்தை சாட்சி. 2014 அக்டோபர் 29ஆம் திகதி அங்கே மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் மக்கள் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

வரம்புகள்

லேசர் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். பாறையின் உள்ளே ஓடும் நீரை அது அறியாது. உமா ஓயாத் திட்டச் சுரங்கத்தில் 2014 இறுதியிலிருந்து நீர் பெருக்கெடுத்தபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்புகள் விழுந்தன. 2024இல்தான் அத்திட்டம் திறக்கப்பட்டது. இத்தகைய ஆபத்துக்குத் துளையிட்டு எடுக்கும் பாறை மாதிரிகளும் நிலத்தடி நீர் ஆய்வும் தேவை. மூடுபனியும் மழைத்துளியும் கற்றையைச் சிதறடிப்பதால் சிவனொளிபாத அடிவாரம் போன்ற இடங்களில் வருடலுக்குத் தெளிந்த காலை நேரத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். சரிவுகள் மழைதோறும் மாறுவதால் ஒருமுறை எடுத்த அளவு நெடுநாள் நிற்காது. பருவமழைக்கு முன்னும் பின்னும் வருடி ஒப்பிட்டால்தான் நிலத்தின் நகர்வு தெரியும்.

அந்த ஒப்பீட்டின் முடிவு பொறியியலாளரின் கணினியிலேயே தங்கிவிடக் கூடாது. தோட்ட நிருவாகத்துக்கும் பிரதேச சபைக்கும், சரிவின் கீழ் குடியிருக்கும் குடும்பங்களுக்கும் அது தமிழில் உரிய காலத்தில் சென்றுசேர வேண்டும். ஆபத்து என்று காட்டிய இடத்திலிருந்து வெளியேறுவதற்கு நிலமும் வீடும் ஒதுக்கப்பட்டால்தான் அந்த அளவையால் மக்களுக்குப் பயன்.