மாடல் சரக்கு ரயில் பெட்டிக்கு ஏர்பிரஷ் ஏன்? எப்படி பெயின்ட் அடிப்பது?

எச்.ஓ. அளவு மாடல் ரயில்கள் நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. அமெரிக்காவின் 40 அடி சரக்குப் பெட்டி இதில் சுமார் 14 செ.மீ.தான். அதன் ரிவெட்டுகள் கடுகைவிடச் சிறியவை; பெயின்ட் கொஞ்சம் தடித்தால் போச்சு, எல்லாம் மூடிவிடும். அதனால்தான் ஏர்பிரஷ்.

முதலில் பிளாஸ்டிக் பெட்டியை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். கைரேகை எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் சரியாக ஒட்டாது. அக்ரிலிக் பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், மெல்லிசாக இரண்டு மூன்று முறை அடிக்கலாம். தள்ளிப் பிடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாகும், நெருங்கினால் வழியும்.

எழுத்துகளுக்கான டீகால் ஒட்டும் முன் பளபளப்பான கிளியர் கோட் அவசியம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளை பூத்துவிடும். அக்ரிலிக்கில் வாடை குறைவுதானே என்று மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். நுண்துளிகள் நுரையீரலுக்குள் போகும்.