நின்ற இடத்தில் நடுங்கிய கார்கள்

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடின கதையை எங்கட தலைமுறைக்குச் சொல்லாத வீடு குறைவு. 1990 யூனில் போர் திரும்பத் தொடங்கியது, பொருளாதாரத் தடை வந்தது, பெற்றோல் நின்றது, மின்சாரம் போனது, ஆனாலும் கார் ஓடியது. கதை பெரும்பாலும் அந்த 'ஆனாலும்' என்ற சொல்லோட முடிஞ்சுபோகும். கேட்கிற நாங்களும் பெருமையாத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவம்.

எங்களுக்கு இருப்பது வேறொரு கேள்வி. ஓடினது சரி, அந்தக் கார்கள் நின்றது எப்படி? சந்தியில், சோதனைச் சாவடியில், ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியை இறக்கும்வரை, கியரை நியூற்றலில் போட்டுவிட்டு எஞ்சின் அணையாமல் எப்படி நின்றது? பழைய எஞ்சினோட பழகின ஆக்களைக் கேட்டுப் பாருங்கள். சூடேறின எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுவது அவ்வளவு பெரிய வித்தை இல்லை, நிற்பாட்டி வைத்திருப்பதுதான் வித்தை என்று சொல்லுவினம்.

கால் ஆக்சிலேற்றரில் இல்லாதபோது எஞ்சின் தன்பாட்டில் மெதுவாகச் சுற்றுவதைத்தான் ஐட்லிங் என்கிறோம். பழைய நாலு சிலிண்டர் கார் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 600, 700 சுற்று. எஞ்சின் உயிரோட இருக்கத் தேவையான காற்றும் எரிபொருளும் மட்டும் ஒரு மயிரிழை இடைவெளியால் உள்ளே போகும். றோட்டில் வேகமாக ஓடும்போது தெரியாத சின்னக் குறை எல்லாம் இந்த நேரத்தில்தான் வெளியே வரும். ஒரு பிளக் கரி பிடிச்சிருந்தாலோ, பொயின்ற் இடைவெளி தப்பியிருந்தாலோ, மனிபோல்ட் கஸ்கற் கொஞ்சம் விலகிக் காற்று இழுத்தாலோ, ஓட்டத்தில் தெரியாது, நிற்கும்போது கார் முழுக்க நடுங்கும். கியர் லீவரில் கை வைத்தால் கைக்கே தெரியும்.

முதலில் கார்கள். அப்போது ஊரில் ஹயருக்கு ஓடியவற்றில் 1950களின் பிரிட்டிஷ் கார்கள் நிறைய: ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், சோமசெற், மொறிஸ் மைனர். ஒஸ்ரின் ஏ40 என்றால் எங்கட ஊர் வாயில் 'ஏ போட்டி'. இவை மண்ணெண்ணெயைத் தாங்கியதற்குக் காரணம் இரண்டாம் உலகப்போர்க்கால இங்கிலாந்தில் இருக்கிறது. 1939 இல் போர் தொடங்கியதும் அங்கே பெற்றோல் கம்பனிகளின் தனித்தனிப் பெயர்கள் நிறுத்தப்பட்டன. 'பூல்' பெற்றோல் என்ற ஒரே சரக்கு பங்கீட்டில் விற்கப்பட்டது. அதன் ஒக்ரேன் எண் எழுபது சொச்சம். பங்கீடு 1950 மே வரை நீண்டது, பூல் பெற்றோல் 1953 வரை இருந்தது. ஒக்ரேன் குறைந்த எரிபொருளை அதிகம் அமுக்கினால் அது கட்டுப்பாடில்லாமல் தன்பாட்டில் வெடிச்சு 'நொக்' அடிக்கும், பிஸ்ரன் பழுதாகும். ஆகவே அந்தக் காலத்து எஞ்சின்களைக் குறைந்த அமுக்கத்துக்கே வடிவமைத்தார்கள். உள்ளே வரும் கலவை சுமார் ஏழில் ஒரு பங்காக மட்டும் அமுங்கும். இன்றைய கார்களில் இது பத்தில் ஒரு பங்கு, அதற்கும் மேலே.

அதாவது, ஒரு நாட்டின் போர்க்காலப் பங்கீட்டுக்காக வடிவமைக்கப்பட்ட எஞ்சின், நாற்பது வருசத்துக்குப் பிறகு இன்னொரு நாட்டின் போர்க்காலத் தடைக்குள் உயிர் தப்பியிருக்கு. 'எங்கட ஆக்களின்ர மூளை' என்று மட்டும் சொல்லிக் கடந்துபோனால் இந்த நீண்ட கயிறு கண்ணில் படாது.

மண்ணெண்ணெய் வித்தையும் உலகத்துக்குப் புதிது இல்லை. பிரிட்டிஷ் விவசாயிகள் 1930களிலிருந்தே அதன் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரியான, வரி குறைந்த ஒரு எண்ணெயில் போட்சன், பேர்கியூசன் றக்ரர்களை ஓட்டினார்கள். றக்ரரில் இரண்டு தாங்கி இருக்கும். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நல்லாச் சூடானதும் எண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிற்பாட்ட முதல் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றருக்குள் மிச்சமிருக்கும் எண்ணெயை எரிச்சு முடிப்பார்கள். சூடு போகாமலிருக்க ரேடியேற்றருக்கு முன்னால் திரை, கலவையைச் சூடாக்கத் தனி மனிபோல்ட். அதுவும் வயலில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் உழுகிற வேலை.

யாழ்ப்பாணத்துக் காருக்கு இந்த வசதி ஒன்றும் இல்லை. நின்று நின்று போகிற ஹயர் வேலை, பெற்றோல் கார் மனிபோல்ட், கையில் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். அதில் சில துளி காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறும்வரை தாக்குப்பிடிக்க வைத்து, மண்ணெண்ணெயைப் பிடிக்க விடவேணும். பற்றறி செத்திருந்தால் தள்ளித்தான் ஸ்ராட். இரண்டாம் கியரைப் போட்டு, கிளச்சை மிதிச்சுக்கொண்டிருக்க, நாலு பேர் தள்ள, வேகம் பிடிச்சதும் கிளச்சை விடுவது. கையால் கியர் மாற்றுகிற கார் என்பதால்தான் அது முடிந்தது. ஓட்டோமற்றிக்கை அந்த மாதிரித் தள்ளி எழுப்ப ஏலாது.

இனி நிற்பதற்கு வருவோம். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல லேசில் ஆவியாகாது. வேகமாக ஓடும்போது காற்று வேகமாகப் பாய்ந்து அதைத் தூளாக்கும், எஞ்சின் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஐட்லிங்கில் காற்றும் குறைவு, சூடும் இறங்கத் தொடங்கும். துளிகள் மனிபோல்ட் சுவரில் ஒட்டி, ஈரமாக வழிஞ்சு, ஒரு சிலிண்டருக்குக் கூடவும் இன்னொன்றுக்குக் குறையவும் போகும். எரியாத மண்ணெண்ணெய் பிளக்கில் கரியாகப் படியும். மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே சம்புக்குள் இறங்கும். டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்க்க ஒயில் குறையாமல் கூடியிருந்தால் சந்தோசப்படக்கூடாது. அது ஒயில் இல்லை, மண்ணெண்ணெய். பேரிங்குக்கு நாள் எண்ணப்படுகிறது என்று அர்த்தம்.

இந்த இடத்தில்தான் மெக்கானிக்கின் காது வரலாற்றுக்குள் வருகிறது. நடுங்குகிற கார் ஒன்று கராஜுக்கு வந்தால் முதலில் பழுது எஞ்சினிலா கியர்பெட்டியிலா என்று பிரிக்க வேணும். நியூற்றலில் போட்டு எஞ்சினை ஓட விட்டு, கிளச்சை மிதிப்பார்கள். மிதிச்சதும் இரைச்சல் நின்று, விட்டதும் திரும்ப வந்தால் கியர்பெட்டிப் பேரிங்கில் சந்தேகம். மிதிச்சாலும் நடுக்கம் அப்படியே இருந்தால் எஞ்சின் பக்கம் போவார்கள். அடுத்தது தாளம். 'டப்' என்று ஒரே ஒழுங்கில் ஒரு அடி விடுபட்டுக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. எஞ்சின் ஓட ஓட பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். கழற்றினதும் எஞ்சின் இன்னும் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் நல்லது. கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் கள்ளன் அதுதான். ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கி, மூச்சு வாங்கிற மாதிரிச் சுற்றினால் பிளக்கை விட்டுவிட்டுக் காற்றையும் கலவையையும் பார்ப்பார்கள். எங்காவது காற்று களவாக உள்ளே போகுதா என்று ஒரு றப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மனிபோல்ட் ஓரமாக நகர்த்துவார்கள். 'ஸ்ஸ்' என்று கேட்கிற இடம் பிடிபடும்.

கலவைக்கும் சத்தம் உண்டு. எரிபொருள் குறைஞ்சால் சைலன்சரில் சத்தம் ஒழுங்கின்றித் தெறிச்சு வரும், புகைக்கு நிறம் இராது. கூடினால் சத்தம் ஒரு தாளத்தில் தப்பும், புகை கறுக்கும். மொறிஸ் மைனரில் இருந்த எஸ்யு காபரேற்றரில் இதற்கு இன்னும் நுட்பமான சோதனை ஒன்று இருந்தது. உள்ளே இருக்கிற பிஸ்ரனை ஒரு சின்ன ஊசியால் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துவது. எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் எரிபொருள் அதிகம், உடனே சோர்ந்தால் குறைவு, கொஞ்சம் கூடித் திரும்பப் பழைய நிலைக்கு வந்தால் சரி. (இந்த எஸ்யு கம்பனியை 1910 இல் தொடங்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் சப்பாத்துக் கம்பனி ஒன்றின் வீட்டுப் பிள்ளைகள். முதல் காபரேற்றர்களில் பிஸ்ரனுக்குப் பதிலாகத் தோலில் செய்த துருத்திதான் இருந்ததாம். சப்பாத்துத் தோல் எங்கெல்லாம் போயிருக்கு பாருங்கள்.)

இந்த அறிவெல்லாம் பிரிட்டிஷ் வேர்க்சொப் புத்தகங்களில் பெற்றோலுக்காக எழுதப்பட்டது. மண்ணெண்ணெயில் அது அப்படியே செல்லாது. குளிர்ந்த எஞ்சின் என்றால் கலவை குறைஞ்சு இருக்கும்போதே புகை வரும். ஒரே நிமிடத்துக்குள் ஒரு சிலிண்டர் ஈரத்தில் மூழ்க, அடுத்தது காய்ஞ்சுபோய்க் கிடக்கும். பெற்றோலில் பழுது என்று சொல்லக்கூடிய நடுக்கம், மண்ணெண்ணெயில் வழமை. எது எண்ணெயின் நடுக்கம், எது காரின் நடுக்கம் என்று பிரிச்சுக் கேட்கிற காது தேவைப்பட்டது. வாகன உதிரிப்பாகங்களும் தட்டுப்பாடான காலம். ஒரு பிளக்கைத் தேவையில்லாமல் மாற்றிப் பார்க்கிற வசதி இல்லை. பிழையாகக் கணிச்சால் விலை பெரிது. நொக் அடிக்காமல் பொறியைக் கொஞ்சம் பிந்த வைத்து, ஐட்லிங் ஸ்குருவை இறுக்கிச் சுற்றைக் கூட்டி, பிளக்கை அடிக்கடி கழற்றித் தேய்ச்சு, இப்படித்தான் ஒப்பேற்றப்பட்டது. சுற்றைக் கூட்டினால் எண்ணெய் கூடக் குடிக்கும். அந்த எண்ணெயும் பங்கீட்டில்தான், வீட்டு விளக்கும் அதில்தான் எரிஞ்சது. கார் ஒரு நிமிடம் நிற்பதற்கும் ஒரு பிள்ளை இரவில் படிப்பதற்கும் நடுவில் கணக்கு இருந்தது.

உலகத்தின் மற்றப் பக்கத்தில் அதே காலத்தில் நேரெதிரான ஒன்று நடந்துகொண்டிருந்தது. பொஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் உட்செலுத்தி 1967 இல் பொக்ஸ்வாகன் காரில் வந்தது, ஒட்சிசன் சென்சர் 1976 இல் வொல்வோவில். 1988 இலிருந்து கலிபோர்னியா, கார் தன் பழுதைத் தானே குறித்துவைக்க வேணும் என்று கேட்டது. 1996 இலிருந்து அமெரிக்காவில் விற்ற எல்லாப் புதுக் கார்களுக்கும் ஒரே மாதிரியான பழுதுக் குறியீடு வந்தது. பி0301 என்றால் முதலாம் சிலிண்டர் மிஸ் அடிக்குது, பி0505 என்றால் ஐட்லிங் கட்டுப்பாட்டில் பிழை. இந்தக் கார்களில் காற்று எங்காவது ஒழுகினாலும் கம்பியூட்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்கட்டிக்கொண்டே போகும். தன்னால் ஏலாது என்ற கட்டம் வரும்போதுதான் லைற் எரியும். நடுக்கம் மூடி மறைக்கப்படுகிறது, ஆனால் பழுது எழுத்தில் பதியப்படுகிறது.

1990களின் யாழ்ப்பாணத்தில் இதற்கு நேர்மாறு. நடுக்கம் ஊருக்கே கேட்டது, பதிவு ஒன்றும் இல்லை. தடைக்காலத்தைப் பற்றி எழுதப்படுகிறவற்றில் ஜாம் போத்தல் விளக்கு வரும், சைக்கிள் டைனமோவில் கேட்ட றேடியோ வரும், மண்ணெண்ணெய்க் காரும் ஒரு வரியில் வரும். எந்த எஞ்சினுக்குப் பொறியை எவ்வளவு பிந்த வைத்தார்கள், ஐட்லிங் ஸ்குருவை எத்தனை சுற்று இறுக்கினார்கள் என்பது வராது. அதை அறிந்தவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது. 2002 இல் தடை தளர்ந்து, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்து பெற்றோல் வந்தபோது, அந்த ஸ்குருக்களையும் பழைய இடத்துக்குத் திருப்பியிருப்பார்கள். தடயம் அதோட போயிட்டுது.

2022 இல் எங்கட தலைமுறையும் பெற்றோல் வரிசையில் நின்றது. பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்து பார்த்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறினதும் அந்தக் கணக்கும் பிழைச்சுப்போனது. அந்த நேரம் நாங்கள் ஊர்க் கராஜ்களில் கேட்டிருக்கலாம்.

இப்போது கேட்கத் தொடங்குகிறோம். வாசிக்கிற உங்கள் வீட்டில், ஒழுங்கையில் அந்தக் காலத்து மெக்கானிக்கோ ஹயர்க்கார் சாரதியோ இருந்தால் நீங்களும் போய் இருந்து கேளுங்கள். 'எப்படி ஓட்டினீங்கள்' என்று கேட்டால் பழைய கதைதான் வரும். நின்றதைப் பற்றிக் கேளுங்கள். எங்களிடம் ஒரு கேள்வி தயாராக இருக்கு: 1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே கிளம்பி நாவற்குழிப் பாலத்தால் அடி அடியாக நகர்ந்தபோது, அந்தச் சனத்துக்குள் காரோட நின்றவர்கள் என்ன செய்தார்கள்? எஞ்சினை அணைத்தால் திரும்ப எழுப்பப் போத்தலில் பெற்றோல் வேணும். அணைக்காமல் விட்டால் பிளக் கரி பிடிச்சு, கொஞ்ச நேரத்தில் அதுவாகவே அணையும். ஐயா, நீங்கள் அணைச்சனீங்களா, ஓட விட்டனீங்களா?