தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம்: வர்த்தமானியில் ஒரு தொகை, கையில் இன்னொரு தொகை

கொழும்பிலிருந்து மலையேறிய ரயில்பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. அன்று முதல் இந்தப் பகுதியின் தேயிலை துறைமுகத்துக்குப் போக இலகுவான வழி கிடைத்தது. ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ராதல்ல, டெஸ்போட், எடின்பரோ போன்ற தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களுடைய சம்பளம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் ஒரு தொகைதான் தலைப்பாகிறது: 1,000, பிறகு 1,700, பிறகு 1,350, இப்போது 1,750.

அந்தத் தொகையை யார் தீர்மானிக்கிறார்கள்? அதில் எவ்வளவு கைக்கு வருகிறது? ஓய்வுபெறும்போது எது மிஞ்சுகிறது?

கூட்டு ஒப்பந்தத்திலிருந்து சம்பள நிர்ணய சபைக்கு

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. காணி தொடர்ந்து அரசுக்கே சொந்தம். அதன்பின் சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தின் மூலம் தீர்மானிக்கப்பட்டது. கம்பனிகளின் சார்பில் முதலாளிமார் சம்மேளனமும், தொழிலாளர் சார்பில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி ஆகியனவும் கையெழுத்திட்டன.

கடைசியாக 2019 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 700 ரூபாவாக்கியது. 1,000 ரூபா கேட்டு 2018 ஒக்டோபரில் காலிமுகத்திடலில் கறுப்பு உடையுடன் திரண்ட மலையக இளைஞர்களின் கோரிக்கை அப்போது நிறைவேறவில்லை. 2021 மார்ச்சில் 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சம்பள நிர்ணய சபை ஊடாக 900 ரூபாவும் 100 ரூபா நிவாரணக் கொடுப்பனவும் வர்த்தமானியில் வெளியாயின. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின.

2024 மே தினத்தை ஒட்டி 1,700 ரூபா அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன, உயர் நீதிமன்றம் ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபா உறுதியானது, மீதி 350 ரூபா கைவிடப்பட்டது. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், 2026 ஜனவரி முதல் கம்பனிகள் 1,550 ரூபாவும் அரசு 200 ரூபா வரவு ஊக்கத்தொகையும் வழங்கும் என்று அறிவிக்கப்பட்டது. 1,750 என்பது இந்த இரண்டின் கூட்டுத்தொகை.

பேரும் அரைப்பேரும்

காலையில் பிரட்டுக்குப் போய் வேலை செய்தால் ஒரு 'பேர்' விழும். தோட்டம் கேட்கும் கிலோ அளவு பறிக்காவிட்டால் பல இடங்களில் 'அரைப்பேர்'தான், அதாவது பாதிச் சம்பளம். 1,350 அன்றைக்கு 675 ஆகிவிடும்.

சபை நாளுக்கு இவ்வளவு என்று மட்டும் நிர்ணயிக்கிறது. எத்தனை கிலோ பறிக்க வேண்டும், மாதம் எத்தனை நாள் வேலை என்பவற்றைப் பேசும் இடமாக இருந்தது கூட்டு ஒப்பந்தம். அது இல்லாமற்போன பின், பல தோட்டங்களில் கேட்கும் கொழுந்தின் அளவு கூடியது, வேலை நாட்கள் குறைந்தன என்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் விளைச்சலும் விழுந்தது. செடியில் கொழுந்து இல்லாதபோது கிலோக் கணக்கை எட்டுவது பறிப்பவரின் கையில் இல்லை.

1,350 ரூபா வீதம் 25 முழுப்பேர் விழுந்தால் மாதம் 33,750 ரூபா. 15 பேர் மட்டும் விழுந்தால் 20,250. இதில் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழியும். பிறகு சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் போன்ற பிடித்தங்கள். வேலையில்லாத நாட்களில் பலர் அயலிலுள்ள மரக்கறித் தோட்டங்களுக்கு நாட்கூலிக்குப் போகிறார்கள்.

அடிப்படைச் சம்பளம் ஏன் முக்கியம்?

2016 ஒப்பந்தம் 730 ரூபா என்று சொல்லப்பட்டது. அதில் அடிப்படை 500தான். மீதி 230 ரூபா வரவு, விலைப்பங்கு, உற்பத்தித்திறன் என்ற கொடுப்பனவுகள். வேலைக்குப் போகும் நாட்கள் குறைந்தால் வரவுக் கொடுப்பனவும், கிலோ குறைந்தால் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் நின்றுவிடும்.

இழப்பு அதோடு முடிவதில்லை. தொழில் தருநர் செலுத்த வேண்டிய சேமலாப நிதி 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதமும் அந்த 500 ரூபாவுக்கே கணக்கிடப்பட்டன. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். 30 வருடம் உழைத்தவருக்கு 500 ரூபாவில் அது 2,10,000. முழு 730 ரூபாவுக்கும் கணக்கிட்டிருந்தால் 3,06,600.

இப்போது அரசு தரும் 200 ரூபாவையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அது வரவுக்குரிய ஊக்கத்தொகை. பணம் வருவது கம்பனியிடமிருந்து அல்ல, நம் எல்லோருடைய வரியிலிருந்து.

டொலரில் பார்த்தால்

தேயிலை ஏற்றுமதியாகி டொலரைக் கொண்டு வருகிறது. சம்பளம் ரூபாவில். 2021 மார்ச்சில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா, 1,000 ரூபா என்பது 5 டொலர். 2022 நெருக்கடியில் டொலர் 360 ரூபாவை எட்டியபோது அதே சம்பளம் 2.80 டொலருக்கும் கீழே போனது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவின் மதிப்பு 4.50 டொலர். இன்றைய 1,550 ரூபா கிட்டத்தட்ட 5 டொலர். கம்பனிகள் கொடுக்கும் சம்பளம் ஐந்து வருடத்துக்குப் பிறகு புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருக்கிறது.

கம்பனிகளுக்கும் ஒரு வாதம் உண்டு. உற்பத்திச் செலவில் பெரும்பகுதி கூலி, நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் சிறுதோட்ட உரிமையாளர்களிடமிருந்து வருகிறது, ஆகவே நாட்சம்பளத்தை விட்டு வெளியார் உற்பத்தி முறைக்குப் போக வேண்டும் என்கிறார்கள். ஆனால் சிறுதோட்டக்காரருக்குக் காணி சொந்தம். தோட்டத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் லய அறைக்குக்கூட உறுதி இல்லை. காணி உரிமை இல்லாமல் செடிகளைப் பொறுப்புக் கொடுத்தால், விளைச்சல் குறையும் நட்டம் தொழிலாளியின் தலையில் விழும், சேமலாப நிதியும் பணிக்கொடையும் கேள்விக்குறியாகும்.

வன்னியில் வாழும் மலையகக் குடும்பங்களுக்கு

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்தவர்கள் பலர் போரின் இறுதி நாட்களையும் அங்கேயே சந்தித்தார்கள். பெற்றோரோ தாத்தா பாட்டியோ தோட்டத்தில் வேலை செய்திருந்தால், அவர்களுடைய சேமலாப நிதி எடுக்கப்படாமல் இருக்கலாம். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைப் பெறலாம். அங்கத்தவர் இறந்திருந்தால், அவர் பெயர் குறித்து வைத்தவரோ சட்டப்படியான உரித்தாளரோ கோரலாம். தோட்டத்தின் பெயர், வேலை செய்த காலம், அங்கத்துவ இலக்கம், பழைய சம்பளத் துண்டு எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். சில தோட்டங்கள் அரசு நிதிக்குப் பதிலாகத் தோட்டத்துறையின் தனிச் சேமலாப நிதியங்களில் பணம் செலுத்தின. எந்த நிதியம் என்பதை முதலில் உறுதிப்படுத்துவது நல்லது.

அடுத்த சம்பள அறிவிப்பு வரும்போது நான்கு கேள்விகள் கேட்கலாம். இதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? ஒரு பேருக்கு எத்தனை கிலோ? மாதம் எத்தனை நாள் வேலை உறுதி? எந்தத் தொகைக்குச் சேமலாப நிதி கட்டப்படுகிறது? இவற்றுக்குப் பதில் இல்லாத உயர்வு மேடையில் மட்டுமே உயர்வு.