முகூர்த்தக் கூட்டமும் வெங்காய வழியும்



என் வீட்டு அலமாரியில் உள்ள சின்னக் கணினியில் நம் பள்ளி குரூப் போட்டோக்களும், நீங்கள் சிலர் கொடுத்து வைத்த சான்றிதழ் நகல்களும் இருக்கின்றன. வெளியூரிலிருந்து அதைத் திறக்கப் பேரன் 'டோர்' வழியாக ஏற்பாடு செய்தான். "அது திருடர்கள் போகிற பாதையாச்சே சார்?" என்று ஒருவர் போனில் கேட்டார். வரலாற்று வாத்தியாரைக் கேட்டால் வரலாறுதான் வரும்.

பாதை போட்டது திருடர்கள் இல்லை, அமெரிக்கக் கடற்படை. யார் யாருக்கு எழுதுகிறார் என்பதை மறைக்கும் முறையை டேவிட் சௌம் 1981இலேயே எழுதியிருந்தார். 1990களின் நடுவில் கடற்படை ஆய்வகத்தின் பால் சிவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் மூவரும் வெங்காய வழியை உருவாக்கினார்கள். செய்தியைத் தோல்மேல் தோலாகப் பூட்டிப் பல கணினிகள் வழியே அனுப்புவது. ஒவ்வொன்றும் ஒரு தோலை உரிக்கும். தனக்கு முன்னால் யார், அடுத்து யார் என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

ஆனால் கடற்படை மட்டுமே அதில் போனால், போகிறவரெல்லாம் கடற்படை ஆள் என்று தெரிந்துவிடுமே! ஒளிவதற்குக் கூட்டம் வேண்டும். முகூர்த்த நாளில் நம் திருவந்திபுரத்தை நினைத்துப் பாருங்கள். கல்யாணத்தின்மேல் கல்யாணம், பட்டு வேட்டியில் யார் வந்தாலும் எந்த வீட்டு ஆள் என்று கேட்பாரில்லை. சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அதே வேட்டியில் வந்தால் டீக்கடையே திரும்பிப் பார்க்கும். அதனால்தான் 2002இல் டோரை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கூட்டத்தில் திருடனும் வருவான்தான். கல்யாணத்தில் செருப்பு காணாமல் போவதில்லையா?

வீட்டுக் கணினிக்கான வசதி 2004இல் சேர்ந்தது. வருபவரும் என் கணினியும் தனித்தனியாகப் பல கணினிகளைத் தாண்டி நடுவில் ஓரிடத்தில் சந்திக்கிறார்கள். ரூட்டரில் கதவு திறக்க வேண்டாம், நிலையான ஐபி எண்ணும் வேண்டாம். கொஞ்சம் மெதுவாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளில் ஒருவர் சான்றிதழ்களை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறார். எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டார்.

முகவரி 56 எழுத்து, அதோடு தனியாக ஒரு சாவி. வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டேன்.