ஆயக்காரர்

ஆயக்காரர் (பெ.): வரி அல்லது சுங்கம் தண்டுபவர். தமிழ் விவிலியப் பழைய மொழிபெயர்ப்பில் வழங்கும் சொல்.

சொற்பொருள்: ‘ஆயம்’ என்பதற்கு வருவாய், வரி என்பன பொருள். சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘அந்தராயம்’ என்னும் வரிப்பெயரிலும் இச்சொல் உண்டு. தோழியர் கூட்டத்தைக் குறிக்கும் ‘ஆயம்’ வேறு.

விவிலிய வழக்கு: 1871இல் வெளிவந்த பவர் திருத்தப் பதிப்பில் மத்தேயு ஆயத்துறையில் அமர்ந்திருப்பவர்; எரிகோவின் சகேயு ஆயக்காரருக்குத் தலைவர். ஆயக்காரர் என்பதற்கான கிரேக்கச் சொல் ‘தெலோனேஸ்’. இயேசுவின் காலத்தில் சுங்கம் தண்டும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. குறித்த தொகைக்கு மேல் பிடுங்கியது தண்டுபவருக்கே சேர்ந்தது. அந்நிய ஆட்சிக்குத் துணைபோனவர் என்ற பழியும் சேர, ‘ஆயக்காரரும் பாவிகளும்’ என்பது இணைமொழியாயிற்று.

மயக்கம்: ஆயக்காரருக்கு ஆங்கிலப் பழைய பதிப்பு தரும் ‘பப்ளிகன்’ இன்று மதுக்கடைக்காரரைக் குறிக்கும். தமிழிலோ ‘ஆயம்’ மதுவோடு வேறு வழியில் சேர்ந்தது: தமிழக அரசில் மதுவிலக்கும் ஆயத்தீர்வையும் ஒரே துறையின் கீழ் வருகின்றன.

இன்றைய வழக்கு: 1995இல் வெளியான திருவிவிலியம் ‘வரிதண்டுபவர்’ என்கிறது. பேச்சில் ‘ஆயத்துறை’ வழக்கொழிந்தது. நெடுஞ்சாலையில் சுங்கம் செலுத்த வண்டிகள் நிற்குமிடம் ‘சுங்கச்சாவடி’ அல்லது ‘டோல்கேட்’.

காண்க: சுங்கம், தீர்வை.